த்ரீ நாட் த்ரீ முதல் ஏ.கே. 203 வரை



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, என் மகன் ராணுவப் பயிற்சி முடித்து எல்லைக்குப் போயிருக்கிறான். அவன் கையில் இருப்பது நம் நாட்டுத் துப்பாக்கியா, ரஷ்யத் துப்பாக்கியா?" ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அறுபது வருட வரலாறு அதற்குள் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'த்ரீ நாட் த்ரீ' தெரிந்திருக்கும். லீ என்ஃபீல்டு என்பது அதன் பெயர். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 303 பங்கு. அதனால்தான் அந்த அழைப்பு. ஆங்கிலேயர் 1907இல் ஏற்ற வடிவம், கல்கத்தா பக்கம் இஷாப்பூரில் தயாரானது. மேகசினில் 10 தோட்டா. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னே தள்ளி, மடக்க வேண்டும். முதல் உலகப் போருக்கு அருமையான துப்பாக்கி. அதையே தூக்கிக்கொண்டுதான் 1962இல் நம் வீரர்கள் சீனப் படையை எதிர்த்து நின்றார்கள். எதிரிகள் கையில் தானாகவே அடுத்த தோட்டா ஏறும் துப்பாக்கிகள். லடாக்கின் ரெசாங் லா கணவாயில், 16,000 அடிக்கு மேலே, நவம்பர் 18 அன்று மேஜர் ஷைத்தான் சிங்கின் குமாவுன் கம்பெனியில் இருந்தவர்கள் சுமார் 120 பேர். இறந்தவர்கள் 114 பேர். விரல் விறைக்கும் குளிரில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். இதே த்ரீ நாட் த்ரீ 2008இல் மும்பை ரயில் நிலையத்திலும் காவலர்கள் கையில் இருந்தது என்பதை எண்ணினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

1962இன் அடிக்குப் பிறகு எஸ்.எல்.ஆர். வந்தது. பெல்ஜியம் நாட்டு வடிவம், 7.62 மில்லிமீட்டர், 20 தோட்டா. மருந்து எரியும்போது கிளம்பும் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். 1966இல் நம் பக்கத்திலேயே திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கியது. தஞ்சாவூரிலிருந்து ரயிலில் போகும்போது திருவெறும்பூர் வருமல்லவா, அந்தப் பக்கம் நவல்பட்டில் இருக்கிறது. எஸ்.எல்.ஆரும் பிறகு வந்த இன்சாஸும் அங்கே தயாராயின.

சுவாமிமலைக்காரர்கள் ஒன்று கேட்பீர்கள்: குழலையும் நம் ஸ்தபதிகள் மாதிரி வார்த்து எடுப்பார்களா? இல்லை. கெட்டியான உருக்குக் கம்பியில் துளை போட்டு, உள்ளே சுருள் சுருளாகப் பள்ளம் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளம்தான் குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி நேராகப் போக வைக்கிறது. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் சுமார் 26 அடி நீள நாயக்கர் காலப் பீரங்கியும் வார்ப்பு அல்ல. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்தது. போகும்போது பின்பக்கம் பாருங்கள், இணைப்புகள் தெரியும்.

1987இல் நம் படை இலங்கைக்குப் போனது. தமிழ் பேசியவர்கள் இரு பக்கமும் இருந்த சண்டை. அதன் நியாயத்தை இங்கே எழுதப் போவதில்லை, துப்பாக்கியை மட்டும் சொல்கிறேன். எஸ்.எல்.ஆர். நீளம் மூன்றே முக்கால் அடி. யாழ்ப்பாணத்துக் குறுகிய ஒழுங்கைகளில் அதைத் திருப்புவதே சிரமம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான். எதிரில் இருந்தவர்களிடம் குட்டையான, மழைபோலச் சுடும் ஏ.கே. வகைகள். 1990களின் தொடக்கத்தில் இந்தியா வெளிநாடுகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகளை வாங்கியது.

அடுத்து நம் நாட்டிலேயே வடிவமைத்த இன்சாஸ், 5.56 மில்லிமீட்டர். ஏன் சின்னக் குண்டு? ஒரு கணக்குப் போடுங்கள். எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், இன்சாஸ் தோட்டா சுமார் 12 கிராம். 100 தோட்டா என்றால் 2.4 கிலோவும் 1.2 கிலோவும். அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டா கொண்டு போகலாம். மலை ஏறுகிறவனுக்கு இது பெரிய விஷயம். எதிரி காயப்பட்டால் அவனைத் தூக்க இன்னும் இருவர் போவார்கள், கொல்வதைவிட அது லாபம் என்று ஒரு வாதமும் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்ன வாதம் என்றே எனக்குப் படுகிறது. காயப்பட்ட பிறகும் திருப்பிச் சுடுகிறவன் எதிரே நின்றால் என்ன செய்வது?

1999இல் கார்கில் வந்தது. பனியில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன, சில துப்பாக்கிகள் நடுவில் சிக்கிக்கொண்டன. திருச்சிக்காரர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் மேஜர் சரவணன் அந்தப் போரில்தான், படாலிக் மலையில் மே 29 அன்று வீழ்ந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மேகசினைப் பிறகு திருத்தினார்கள். ஆனால் வீரர்களுக்கு அந்தத் துப்பாக்கி மேல் விட்டுப்போன நம்பிக்கை முழுதாகத் திரும்பவில்லை.

கடைசியில் பெரிய குண்டுக்கே திரும்பினார்கள். 2019இல் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தம். அது சுடுவது அந்தப் பழைய எஸ்.எல்.ஆர். சுட்ட அதே 7.62×51 அளவுத் தோட்டா! 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே. 203க்கு ரஷ்யாவோடு ஒப்பந்தம். அது கொஞ்சம் குட்டையான 7.62×39 தோட்டா, 300 மீட்டர் வரை குறி பார்த்துச் சுடலாம். உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகிறது. இதே தோட்டாவைச் சுடும் 'திருச்சி அசால்ட் ரைபிள்' நம் நவல்பட்டிலும் செய்கிறார்கள், காவல் படைகள் வாங்குகின்றன. ராணுவத்தின் பெரிய ஆர்டர் அங்கே வரவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு.

ஆகவே தம்பி, உன் மகன் எந்தப் படைப்பிரிவு, எந்த இடம் என்பதைப் பொறுத்து அவன் கையில் இன்சாஸ் இருக்கலாம், சிக் இருக்கலாம், ரஷ்ய வடிவத்தில் இந்தியாவில் செய்த ஏ.கே. 203ஆகவும் இருக்கலாம். விடுப்பில் வரும்போது நேரில் கேட்டுக்கொள். போட்டோ மட்டும் அனுப்பச் சொல்லாதே, அவனுக்குத்தான் வம்பு.

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற நம் மாணவர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறீர்கள். எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் இரண்டையும் தூக்கியவர்கள் யாராவது இருந்தால் எது தேவலை என்று கீழே எழுதுங்கள்.