மடையைக் காத்தவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை

கோடை வந்துவிட்டால் ஏரி தூர்வாரும் படங்கள் நம் கைப்பேசிகளை நிறைத்துவிடுகின்றன. மண்வெட்டியோடு மாணவர்கள், சட்டி சுமக்கும் இளைஞர்கள். அதில் நாமும் இருக்கிறோம். நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வட மாவட்டக் கிராமம் ஒன்றில், ஏரிப் பாதுகாப்புக் குழு அமைக்கும் கூட்டத்துக்குப் போனபோது கண்ட ஒரு காட்சி இன்றும் எங்களை விடவில்லை.

கூட்டம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நடந்தது. அந்த ஏரியின் மடையை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் திறந்து மூடிய பெரியவர் வெளியே புளியமரத்தடியில் நின்றிருந்தார். "உள்ளே வாங்க தாத்தா" என்றோம். ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்குத்தான் கூட்டம் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். எந்த மடையில் கசிவு, எந்த வரத்துக் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உள்ளே இருந்த யாருக்கும் தெரியாது. குழுவின் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இல்லை.

நீரைக் காக்கும் உள்ளூர்க் குழு என்கிறோமே, அந்த 'உள்ளூர்' யார்? இந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

பள்ளிப் பாடத்தில் எல்லோரும் உத்திரமேரூரைப் படித்திருக்கிறோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையையும் வாரியங்களையும் விவரிக்கின்றன. அவற்றுள் ஒன்று ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். நீர்நிலையைப் பராமரிக்க உள்ளூர் மக்கள் அமைத்த குழு என்று பார்த்தால், எழுத்தில் பதிவான மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. மேடைதோறும் இதைத் தமிழர் ஜனநாயகம் என்று பேசுகிறோம்.

அதில் உறுப்பினராவதற்கான தகுதியைப் படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். ஏனெனில் உத்திரமேரூர் ஒரு பிரம்மதேயம், அதை ஆண்டது பிராமணர் சபை. ஏரியைத் தோண்டியவர்களுக்கும் கரைக்கு மண் சுமந்தவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அடுத்த நூற்றாண்டில் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களை வரிசைப்படுத்தும்போது குளத்தையும் வாய்க்காலையும் சொல்கின்றன. அதே வரிசையில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் தனியாகச் சொல்கின்றன. ஏரிகளின் பொற்காலம் என்று நாம் கொண்டாடும் காலத்திலேயே ஊரும் சேரியும் பிரிந்துதான் கிடந்தன.

சரி, ஏரியை அன்றாடம் காத்தது யார்? நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, நீராணி, கம்புகட்டி என்று பகுதிக்குப் பகுதி பெயர் மாறும். வேலை ஒன்றுதான். மடை திறப்பது, மூடுவது, கடைமடை வரை முறை வைத்து நீர் பாய்ச்சுவது, அடைமழை இரவில் கரையில் படுத்துக் காவல் காப்பது, உடைப்பு தெரிந்தால் ஊரை எழுப்புவது. பல மாவட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். சில ஊர்களில் கொஞ்சம் மானிய நிலம்.

இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: நீர்க்கட்டிக்கு ஆயக்கட்டில் நிலம் இல்லை, அதனால் அவர் யார் பக்கமும் சாயமாட்டார், நீரை நேர்மையாகப் பங்கிடுவார். நீர் மேலாண்மை பற்றிய எழுத்துகளிலும் இது பாராட்டாகவே வருகிறது. நாங்கள் இதை வேறு விதமாக வாசிக்கிறோம். ஒரு சமூகத்தை நிலமற்றதாக வைத்திருந்துவிட்டு, அந்த நிலமின்மையையே வேலைக்கான தகுதியாக மாற்றியிருக்கிறார்கள். நேர்மை அவருடையது. நீர் வேறொருவருடையது.

சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூலின் மையமான வாதம் இங்கே உதவும். பழைய கிராமம் ஒற்றுமையாகக் கூடி நீரைக் காத்தது என்ற சித்திரம் வரலாறு அல்ல என்கிறார் அவர். அரசர்களின் கொடையும் சாதி அதிகாரமும்தான் அந்த அமைப்பைத் தாங்கின. அந்த அதிகாரம் தளர்ந்தபோது கண்மாய்களும் தளர்ந்தன.

காலனிய அரசு இந்த அமைப்பைச் சட்டமாக்கியது. 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் ஆபத்து வந்தால், சுற்றுவட்டாரத்தில் உள்ள உழைக்கும் வகுப்பு ஆண்களை வேலைக்கு இழுக்க அதிகாரம் தந்தது. வழக்கமான குடிமராமத்து உழைப்பைத் தராதவர்களிடம் பணம் வசூலிக்கவும் வழி செய்தது. இன்று 'மக்கள் பங்கேற்பு' என்று இனிமையாக ஒலிக்கும் குடிமராமத்துக்கு இப்படியொரு முகமும் உண்டு. உழைப்பு யாருடையது என்பதில் சட்டத்துக்குக் குழப்பமே இல்லை.

காவலுக்கும் கரைக்கும் தேவைப்பட்ட இதே மக்கள், தண்ணீரைத் தொட்டால் தீட்டு. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி நீர் அருந்தினார்கள். அது நகராட்சிக்குச் சொந்தமான குளம். நகராட்சியே முன்னதாக அதைத் திறந்துவிட்டிருந்தது. அப்படியிருந்தும் சாதி இந்துக்கள் பஞ்சகவ்வியம் கலந்த 108 குடம் நீரை ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு 1937 வரை இழுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் மக்களுக்குச் சாதகமாக வந்தது.

நீரின் தூய்மை என்ற சொல் நம் மண்ணில் இரண்டு பொருளில் புழங்கிவருகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்தால் தூய்மை, மனிதக் கை பட்டால் அசுத்தம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் 10,000 லிட்டர் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம்சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. ஆய்வகத்தில் கார அமிலத் தன்மையையும் உப்பின் அளவையும் சோதிக்கும் நண்பர்கள், தண்ணீரின் தரம் அந்த எண்களோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் காலத்துக் குழுக்களுக்கு வருவோம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. ஏரி நீர் தேவைப்படாதவர்கள் கரையை மறந்தார்கள். களத்து நெல் குறைந்தது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் அந்த அடிமை வேலை வேண்டாம் என்று நகரத்துக்குப் போனார்கள். அதில் தவறே இல்லை. மடை திறக்க ஆளில்லாமல் போன பிறகுதான் 'சமூகப் பங்கேற்பு' திரும்பவும் நினைவுக்கு வந்தது.

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000இல் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் உறுப்பினர் யார்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவர். 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டியது ஆயக்கட்டுதாரர். வேலையை நடத்தும் உரிமையும் அவர்களுக்கே. உத்திரமேரூரின் கால் வேலிக்கும் இதற்கும் இடையே பெரிய தூரமில்லை. வேதம் நீங்கியது, நிலம் நிலைத்தது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். அவர்களில் பெரும்பாலோர் ஆயக்கட்டுப் பதிவேட்டில் இல்லை.

நீர்வடிப்பகுதித் திட்டங்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வருகிறது. ஹனுமந்தராவ் குழுவின் 1994 பரிந்துரைகளை ஒட்டி வந்த வழிகாட்டு நெறிகள், கிராம அளவில் சங்கமும் குழுவும் அமைக்கச் சொல்லின, பட்டியல் சமூகத்தவருக்கு இடமும் தரச் சொல்லின. முன்னேற்றம்தான். ஆனால் மழை நீரைத் தடுத்து நிறுத்துவது மேட்டுப் புறம்போக்கில். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் நிலமற்றவர்கள் நம்பியிருந்த இடம் அது. அங்கே வேலி விழுகிறது, பள்ளத்தில் பட்டா வைத்திருப்பவர் கிணற்றில் நீர் ஊறுகிறது. மேட்டில் இழந்தவருக்கு ஈடு என்ன என்று கேட்கக் கூட்டத்தில் ஆள் இருக்க வேண்டும். நூறு நாள் வேலையில் வரத்துக் கால்வாய் வெட்டும் நம் பெண்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். தீர்மானப் பதிவேட்டில் இருக்கிறார்களா?

இதனால் ஏரி வேலையை விட்டுவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஏரி வற்றினால் முதலில் காய்வது சேரியின் அடிகுழாய். கழிவுநீர் கலந்தால் முதலில் அதைக் குடிப்பதும் தாழ்ந்த பகுதியில் குடியிருக்கும் நம் மக்கள். ஆகவே நீரைக் காக்கும் போராட்டம் நம்முடையது. அதற்குள் நமக்கு இடம் கேட்பதும் அதே போராட்டம்தான்.

அடுத்த முறை உங்கள் ஊரில் குழு அமைத்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கூட்டம் எல்லோரும் உட்காரக்கூடிய பொது இடத்தில் நடக்கிறதா? உறுப்பினராக நிலப் பட்டா வேண்டுமா, அந்த ஏரியை நம்பி வாழ்வது போதுமா? மீன், கருவேல மரம், வண்டல் மண் இவற்றின் வருவாயில் நிலமற்றவர்களுக்குப் பங்கு உண்டா? மடையைக் காப்பவருக்கு மாதச் சம்பளம் உண்டா? கடைசிக் கேள்வி மிக முக்கியம். அந்த வேலை பரம்பரைக் கடமையாக அல்ல, மதிப்புள்ள ஊதிய வேலையாக, எந்தச் சாதியினரும் செய்யும் வேலையாக மாற வேண்டும்.

உங்கள் ஊரில் இன்னும் ஒரு பழைய நீர்க்கட்டி உயிரோடு இருக்கலாம். தூர்வாரும் இயந்திரம் வருவதற்கு முன் அவரோடு ஒரு நாள் கரை சுற்றி நடந்து, அவர் சொல்வதை அவர் பெயரோடு எழுதி வையுங்கள். பிறகு அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப்போங்கள். அவர் வெளியே நிற்க வேண்டிய இடமாக இருந்தால், கூட்டத்தைப் புளியமரத்தடிக்கு மாற்றுங்கள்.