ஸ்விட்ச் புரோ: பிறவாத கருவியின் சரித்திரம்

ஜப்பானியக் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3-ஆம் தேதி ‘ஸ்விட்ச்’ என்னும் வீடியோ கேம் கருவியை வெளியிட்டு ஓராண்டு நிறைந்ததும் தொடங்கி, அதே நிறுவனம் 2021 ஜூலையில் ஓஎல்இடி திரை பொருந்திய மாதிரியைப் பிரகடனம் செய்த நாள்வரையில், விளையாட்டுப் பிரியர்களும் பத்திரிகையாளரும் பங்குச் சந்தை நிபுணர்களும் ‘ஸ்விட்ச் புரோ’ என்று தாமே நாமகரணம் செய்துகொண்ட ஒரு கருவியைப் பற்றி ஓயாது பேசிவந்தனர். அப்படியொரு கருவி கடைக்கு வரவே இல்லை. வராத பொருளுக்குச் சரித்திரம் எழுதுவது வீண் வேலை என்று சிலர் கருதக்கூடும். ஆயினும் அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து பிறந்தது, எவற்றை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது என்று ஆராயப் புகுந்தால், அந்த வதந்தியின் உறுப்புகளிற் பெரும்பாலானவை மெய் என்பதும், அவற்றை ஒரே உடலாகக் கூட்டிய அனுமானமே பிழை என்பதும் புலனாகும்.

இத்தகைய கருவிகளின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுக் காலம் நீடிப்பது வழக்கம். அக்காலம் முழுவதும் கருவியின் சக்தி மாறாது, இன்று வாங்கியவனும் நான்கு ஆண்டுக்குப் பின் வாங்குபவனும் ஒரே விளையாட்டை ஒரே விதமாக ஆடுவான் என்ற உறுதியே இவ்வியாபாரத்தின் அஸ்திவாரம். அந்த உறுதியை இடையில் அசைத்துப் பார்த்தவர்கள் முற்காலத்தில் பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டனர். என்இசி நிறுவனம் 1989-இல் வெளியிட்ட சூப்பர்கிராஃபிக்ஸ் என்னும் கருவிக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள் ஐந்தே ஐந்து. சேகா நிறுவனம் தன் ஜெனிசிஸ் கருவியின் தலைமேல் செருகத்தக்க ‘32எக்ஸ்’ என்னும் துணைக்கருவியை, ஹிட்டாச்சியின் இரண்டு எஸ்எச்-2 சிப்புகளோடு, 1994 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. அதே மாதத்தில் ஜப்பானில் அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறைக் கருவியான சாட்டர்ன் வெளிவந்துவிட்டது. தன் பொருளுக்குத் தானே போட்டியாக நின்ற நிறுவனத்தை வேறு யார்தாம் காப்பாற்ற இயலும்? நாற்பதளவு விளையாட்டுகளோடு 32எக்ஸ் மறைந்தது.

நிண்டெண்டோவின் போக்கோ சற்று விசித்திரமானது. வீட்டுக் கருவிகளின் விஷயத்தில், நிண்டெண்டோ 64-இன் நினைவகத்தை 4 எம்பியிலிருந்து 8 எம்பியாக உயர்த்திய 1998-ஆம் ஆண்டுச் சிறு செருகியைப் போன்றவற்றோடு அது நின்றுகொண்டது. கையடக்கக் கருவிகளிலோ கேம் பாய் கலர், டிஎஸ்ஐ, 2014-இல் வந்த புதிய 3டிஎஸ் என்று இடைக்காலத் திருத்தங்களைத் தயங்காது செய்துவந்தது. ஸ்விட்ச் வீட்டுக் கருவியாகவும் கையடக்கக் கருவியாகவும் ஒருங்கே அமைந்தமையால், எந்தச் சம்பிரதாயம் அதற்குப் பொருந்தும் என்ற ஐயம் பிறவியிலேயே அதனுடன் ஒட்டிக்கொண்டது.

எனினும், வதந்திக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது சோனியால். 2016 மார்ச் மாதத்தில் கொட்டாக்கு என்னும் இதழ், பிளேஸ்டேஷன் 4-க்கு மேம்பட்ட மாதிரி ஒன்று உருவாகிறது என எழுதியது. ஏப்ரலில் ஜயண்ட் பாம் என்னும் இணையதளம் அதன் சங்கேதப் பெயர் ‘நியோ’ என்பதையும், சிப்பின் வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ் என்பதுவரையான விவரங்களையும் வெளியிட்டது. ஜூன் மாதம் சோனியின் ஆண்ட்ரூ ஹவுஸ் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையிடம் அதை ஒப்புக்கொண்டார். நவம்பர் 10-ஆம் தேதி பிளேஸ்டேஷன் 4 புரோ 399 டாலருக்குக் கடையில் இருந்தது. கசிந்த எண்கள் பெரும்பாலும் அப்படியே பலித்தன. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் 6 டெராஃப்ளாப் வல்லமையுள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸைக் கொண்டுவந்தது. இனி எல்லாத் தலைமுறைக்கும் நடுவில் ஒரு ‘புரோ’ உண்டு என்று உலகம் தீர்மானித்துக்கொண்டது இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

சோனிக்கு அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சற்று உள்ளே புகுந்து பார்க்க வேண்டும். கருவியின் சிற்பியான மார்க் செர்னி, பழைய கிராபிக்ஸ் பகுதியில் இருந்த 18 கணக்கீட்டு அலகுகளுக்குப் பக்கத்தில், அவற்றின் பிரதிபிம்பம்போல் இன்னும் 18 அலகுகளை அமைத்தார். பழைய விளையாட்டு ஓடும்போது ஒரு பாதி அணைந்துவிடும். மறு பாதி பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும். 1.84 டெராஃப்ளாப் 4.2 ஆக உயர்ந்தும் பழைய விளையாட்டுகள் பழுதின்றி ஓடியதன் இரகசியம் இதுவே.

ஸ்விட்சின் உள்ளமைப்பு இத்தகைய எளிய விரிவுக்கு இடங்கொடுப்பதன்று. அதிலிருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்பின் கிராபிக்ஸ் பகுதி மேக்ஸ்வெல் என்னும் வகையைச் சேர்ந்தது. விளையாட்டுகளின் ஷேடர் நிரல்கள் அவ்வகைக்கென்றே முன்கூட்டித் தொகுக்கப்பட்டுக் கார்ட்ரிட்ஜில் அடைக்கப்பட்டவை. 4கே காட்சிக்குத் தேவை என்று எல்லாரும் சொன்ன, தெளிவு குறைந்த படத்தைக் கணிப்பால் உயர்த்தும் டிஎல்எஸ்எஸ் உத்தியோ மேக்ஸ்வெல்லில் இயலாது. புது வகைச் சிப்புக்கு மாறினால் பழைய விளையாட்டுகள் அனைத்தும் சிக்கலாகும். ‘புரோ’ வரும் என்று ஆரூடம் சொன்னவர்களிற் பலர் இத்தடையை ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2018-இல் ஸ்விட்சின் மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் அதனுள் ‘மரிகோ’ என்ற புதுச் சிப்பின் பெயரைக் கண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அடுத்த ஆண்டில் புது மாதிரி வரும் என்றது; 2019 மார்ச்சில், மலிவானது ஒன்று, தீவிர ஆட்டக்காரருக்கானது ஒன்று என இரண்டு மாதிரிகள் என விரித்துரைத்தது. வந்தவையும் இரண்டே: ஸ்விட்ச் லைட், மற்றொன்று, பேட்டரி 4.5 முதல் 9 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும், தோற்றத்தில் பழையதேயான ஸ்விட்ச். மரிகோ என்பது அதே மேக்ஸ்வெல்லை 20 நானோமீட்டரிலிருந்து 16-க்குச் சுருக்கிய சிப். நெருப்பில்லாமல் புகையாது என்பது மெய்யே. ஆனால் அந்த நெருப்பில் வெந்தது வேறு பதார்த்தம்.

2020 ஜனவரியில், அவ்வாண்டு புது மாதிரி எதுவும் இல்லை என்று நிண்டெண்டோ தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா முதலீட்டாளரிடம் கூறிய பின்னும் பேச்சு அடங்கவில்லை. 2021 மார்ச்சில் புளூம்பெர்க் வெளியிட்ட செய்தி, சாம்சங் தயாரிக்கும் 7 அங்குல, 720பி ஓஎல்இடி திரை என்றும், தொலைக்காட்சியோடு இணைத்தால் 4கே காட்சி என்றும் சொன்னது. ஜூலை 6-ஆம் தேதி 350 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட மாதிரியில் 7 அங்குல ஓஎல்இடி திரை இருந்தது. 64 ஜிபி சேமிப்பும், அகன்ற தாங்கு காலும், தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் லேன் துளையும் இருந்தன. சிப் மட்டும் மாறவில்லை, 4கே இல்லை. செப்டம்பர் இறுதியில், பதினொரு நிறுவனங்களிடம் 4கே விளையாட்டுகளை உருவாக்குவதற்கான கருவித் தொகுப்புகள் உள்ளன என்று புளூம்பெர்க் மறுபடி எழுத, நிண்டெண்டோ அதைப் பகிரங்கமாக மறுத்தது. இடைக்கால மாதிரி ஒன்று திட்டமிடப்பட்டுப் பின் கைவிடப்பட்டதாகத் தெரிகிறது என்று, ஓராண்டுக்கும் மேல் கழித்து, கருவிகளை நுணுகி ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்டரியினர் தம் வட்டாரச் செய்தியாகக் கூறினர்.

திட்டம் இருந்தது என்றே கொண்டாலும், அதை நிறைவேற்ற நிண்டெண்டோவுக்கு வியாபார நிர்ப்பந்தம் யாதும் இருக்கவில்லை என்பதைக் கணக்கே காட்டும். 2021 மார்ச்சில் முடிந்த ஒரே நிதியாண்டில் விற்ற ஸ்விட்சுகள் 2 கோடியே 88 லட்சம். அதுவரை மொத்தம் சுமார் 8 கோடியே 46 லட்சம். சோனி 2016-இல் 4கே தொலைக்காட்சி வாங்கியோரைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நிண்டெண்டோவின் வாடிக்கையாளரோ பழைய சிப்பையே வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருந்தனர். ஒரு நிறுவனத்தின் தேவையிற் பிறந்த முன்னுதாரணத்தை மற்றொரு நிறுவனத்தின் விதியாகப் படித்ததே அன்றைய அனுமானங்களின் மூலப்பிழை.

புதிய சிப்பும், டிஎல்எஸ்எஸ் உத்தியும், டாக்கில் 4கே காட்சியும் கொண்ட கருவி 2025 ஜூன் 5-ஆம் தேதிதான் வெளிவந்தது, அது ‘புரோ’ அன்று, அடுத்த தலைமுறையான ஸ்விட்ச் 2, அதன் 7.9 அங்குலத் திரையும் ஓஎல்இடி அன்று, எல்சிடி.