ரெங்காஸ் மரமும் தோட்டப்புற நினைவும்: ரெம்பியா வட்டாரத்தை முன்வைத்து

ரப்பர் வரலாறு எழுதுவோர் நட்ட கன்றையும் வடித்த பாலையும் கணக்கிடுவர். அதற்கு முன் அங்கு நின்ற காட்டைக் கருதுவோர் சிலரே. மலாக்காவில் 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துவந்த பத்தாண்டுகளில் ரெம்பியா உள்ளிட்ட அலோர் காஜா மாவட்டமும் தோட்ட நிலமாயிற்று. தீபகற்பத்தின் தாழ்நிலக் காடுகளில் அஞ்சப்பட்ட மரம் ரெங்காஸ். அதனை இங்கு நோக்குவோம்.

1771இல் லின்னேயஸ் இதற்குக் குளூட்டா ரெங்காஸ் எனப் பெயரிட்டபோது இவ்வட்டார வழக்குச் சொல்லையே ஏற்றார். இதன் வைரம் கருஞ்சிவப்பு, கருவரிகள் ஓடும். தளவாடங்களுக்கு விரும்பப்படும் இம்மரம் வணிகத்தில் 'போர்னியோ ரோஸ்வுட்' எனவும் வழங்கும். ஆனால், இதன் பால் காற்றுப் பட்டதும் கறுக்கும். தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் தோன்றும்.

இந்நச்சு தமிழர்க்குப் புதிதன்று. வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய சேராங்கொட்டை இதே குடும்பத்தது. சித்த மருத்துவம் அதனைச் சுத்தி செய்த பின்னரே மருந்தாக்கும். மாவும் முந்திரியும் இக்குடும்பத்தனவே.

காடு வெட்டியோர் யாவரும் தமிழரே எனல் பொருந்தாது. அப்பணியைப் பெரிதும் மலாய், சீன, ஜாவானியக் குத்தகைக் குழுவினர் மேற்கொண்டனர். தமிழர்க்குக் களையெடுப்பும் பால்வெட்டும் வாய்த்தன. ஆயினும், வெட்டிய நிலத்தில் எஞ்சும் அடிக்கட்டையும் விறகும் இம்மரத்தின் கேட்டைப் பின்வந்தோரிடமும் சேர்க்கவல்லன.

இன்று பழைய தளவாடங்களைத் தேய்த்துப் புதுப்பிப்போரும், பள்ளிக் கைவினை வகுப்புகளில் துண்டு மரங்களைக் கையாளுவோரும் இதனை அறிதல் வேண்டும். முதல் தொடுதலில் தீங்கு தோன்றாமலிருக்கலாம். உடல் ஒருமுறை உணர்ந்தபின் சிறிதளவும் போதும். உலர்ந்த மரத்தூளும் சிலரைத் தாக்கும். எனவே கையுறை, நீண்ட கைச்சட்டை, முகமூடி ஆகியன தேவை. பட்ட இடத்தை உடனே சோப்பிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுதலும் ஆடையைத் தனியே துவைத்தலும் நன்று. துண்டுகளை எரித்தல் கூடாது. புகை கண்ணையும் மூச்சுக்குழாயையும் தாக்கும்.

இந்திய அரசு 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடைசெய்தது. அதற்கு முன் குழந்தைகளாக வந்தோரும் இன்று தொண்ணூறை ஒட்டிய அகவையினர். மரங்களை அவர்கள் எப்பெயரிட்டு அழைத்தனர், எவற்றை அஞ்சினர், எதனை மருந்தாகப் பூசினர் என்பன கூலிப் பதிவேடுகளில் இரா. தமிழாசிரியர்கள் தத்தம் வட்டாரத்தில் இவற்றைக் கேட்டுத் தொகுப்பின், உழைத்த உடலின் வரலாறும் நமக்குக் கிட்டும். அதற்கான காலம் குறுகி வருகிறது.