சோமாலியா: திரும்பி வந்த தலைவர்களும் திரும்பி வந்த எண்ணெய் நிறுவனங்களும்

2011 ஜூன் மாதம் சோமாலியாவின் பிரதமர் பதவியிலிருந்து விலகினார் முஹம்மத் அப்துல்லாஹி முஹம்மத். அதன்பின் அவர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குத் திரும்பி, நியூயார்க் மாநிலப் போக்குவரத்துத் துறையில் தாம் முன்பு பார்த்துவந்த வேலையிலேயே மீண்டும் அமர்ந்தார். பணியமர்த்தலில் யாருக்கும் பாகுபாடு நேராமல் கண்காணிக்கும் அதிகாரி வேலை அது. 2017 பிப்ரவரி 8 அன்று அதே மனிதர் சோமாலியாவின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 'ஃபர்மாஜோ' என்ற பட்டப்பெயரால் உலகம் அறிந்தவர் இவர்தான்.

அவர் பிரதமராக நியமித்தவர் ஹஸன் அலீ கைரே. நார்வே குடியுரிமை பெற்றவர். அந்நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு நார்வே அகதிகள் மன்றத்தில் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதிக்கான இயக்குநரானார். பிரதமர் பதவிக்கு வரும் வரை அவர் பார்த்த வேலைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். சோமாலியக் கடலில் எண்ணெய் தேடிய 'ஸோமா ஆயில் அண்ட் காஸ்' என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவுக்கு அவர் நிர்வாக இயக்குநராக இருந்தார்.

இதைப் படித்தவுடன் சிலர், "எல்லாரும் வெளிநாட்டின் கையாட்கள்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். வேறு சிலர், "படித்தவர்கள், உலகம் தெரிந்தவர்கள் வந்தால் நாட்டுக்கு நல்லதுதானே" என்பார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் பிரச்சினை எங்கே இருக்கிறது என்பது புரியும்.

ஏன் வெளிநாடு போனார்கள்?

1969 முதல் ஆண்ட ஸியாத் பர்ரேயின் ஆட்சி 1991 ஜனவரியில் கவிழ்ந்தது. அதோடு நாட்டில் அரசு என்ற ஒன்றே இல்லாமல் போனது. அமைச்சகம், வங்கி, பல்கலைக்கழகம் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. கென்யா, யெமன், நார்வே, ஸ்வீடன், பிரிட்டன், கனடா, அமெரிக்கா எனக் கதவு திறந்த நாட்டுக்கெல்லாம் மக்கள் ஓடினார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கிடைத்த வேலையைப் பார்த்துப் படித்து முன்னேறினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அரசை மீண்டும் கட்ட முனைந்தபோது, நிர்வாக அனுபவம் உள்ளவர்களில் பெரும்பகுதியினர் வெளிநாட்டில்தான் இருந்தனர்.

ஃபர்மாஜோவுக்குப் பின் 2011இல் பிரதமரான அப்துல்வலி முஹம்மத் அலீ, நயாகரா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அந்தப் பல்கலைக்கழகம் பஃபலோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆக, அமெரிக்காவின் ஒரே வட்டாரத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு பிரதமர்கள் மொகதிஷுவுக்கு வந்தார்கள். இரண்டு முறை பிரதமராக இருந்த உமர் அப்துர் ரஷீத் ஷர்மார்கே கனடா குடிமகன். 1969இல் சுட்டுக் கொல்லப்பட்ட அதிபர் ஷர்மார்கேயின் மகன். 2020இல் பிரதமரான முஹம்மத் ஹுஸைன் ரோப்லே ஸ்வீடன் குடியுரிமை பெற்ற பொறியாளர். 2017 முதல் 2022 வரை நிதியமைச்சராக இருந்த அப்துர் ரஹ்மான் துஆலே பெய்லே, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.

எல்லாரும் இப்படி அல்ல. இப்போதைய அதிபர் ஹஸன் ஷேக் மஹ்மூத், உள்நாட்டுப் போரின் ஆண்டுகளிலும் நாட்டிலேயே கல்விப் பணி செய்தவர். 1999இல் மொகதிஷுவில் அவர் சேர்ந்து தொடங்கிய கல்வி நிறுவனம் இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. அவருடைய முதுகலைப் பட்டம் நம் நாட்டின் போபால் பல்கலைக்கழகத்தில் பெற்றது.

2012இல் ஏற்கப்பட்ட இடைக்கால அரசியலமைப்பு, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றதற்காக ஒருவரின் சோமாலியக் குடியுரிமையைப் பறிக்க முடியாது என்கிறது. எனவே சட்டப்படி இவர்கள் அந்நியர்கள் அல்லர். ஃபர்மாஜோ 2019இல் தம் அமெரிக்கக் குடியுரிமையையும் விட்டுவிட்டார்.

எண்ணெய் தேடி வந்தவர்கள்

சோமாலியாவில் எண்ணெய் தேடும் வேலை 1950களிலேயே தொடங்கிவிட்டது. 1984இல் ஏடன் வளைகுடாவுக்கு அக்கரையில் யெமனில் எண்ணெய் கிடைத்ததும் ஆர்வம் கூடியது. வளைகுடா உருவாகும் முன் இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தவை. அங்கே இருப்பது இங்கேயும் இருக்கலாம் என்பது நிலவியலாளர்களின் கணக்கு. ஸியாத் பர்ரேயின் கடைசி ஆண்டுகளில் கொனோகோ, அமோகோ, செவ்ரான், பிலிப்ஸ் ஆகிய நான்கு அமெரிக்க நிறுவனங்கள் ஆய்வு உரிமம் பெற்றன. அவற்றின் உரிமப் பரப்பு நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்று 1993 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளேடு எழுதியது. 1992 டிசம்பரில் அமெரிக்கப் படை மொகதிஷுவில் இறங்கியபோது, கொனோகோவின் அலுவலக வளாகமே அமெரிக்கத் தூதரகம் போல இயங்கியது என்ற செய்தியும் அப்போதுதான் வெளிவந்தது.

போர் மூண்டதும் நிறுவனங்கள் வெளியேறின. ஆனால் உரிமத்தைக் கைவிட்டுவிடவில்லை. தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் வேலை நின்றிருக்கிறது என்று அறிவித்தார்கள். இப்படி அறிவித்தால் வேலை நடக்காவிட்டாலும் உரிமம் காலாவதி ஆகாது. 2019இல் ஷெல், எக்ஸான்மோபில் நிறுவனங்கள் பழைய கடல் பிளாக்குகளுக்கான வாடகைப் பாக்கியாக 17 லட்சம் டாலர் கொடுக்க இணங்கின என்றால், முப்பது ஆண்டுகளாக அந்தக் காகிதம் உயிரோடு இருந்தது என்று பொருள்.

இதற்கிடையே மாநிலங்களும் தனியே ஒப்பந்தம் போட்டன. வடகிழக்கிலுள்ள புந்த்லாந்தில் 2005இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் உரிமம் பெற்றது. பின்னர் கனடா நிறுவனம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2012 ஜனவரியில் அங்கே 'ஷபீல்-1' கிணறு தோண்டப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் அந்நாட்டில் தோண்டப்பட்ட முதல் எண்ணெய்க் கிணறு இது. பக்கத்தில் இன்னொன்றும் தோண்டினார்கள். வணிக அளவில் எண்ணெய் கிடைக்கவில்லை. தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்து தன் பங்குக்கு ஜெனல் எனர்ஜி போன்ற நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியது. ஒரே நிலத்துக்கு மொகதிஷு ஒரு பத்திரமும் மாநிலம் ஒரு பத்திரமும் எழுதிக் கொடுக்கும் நிலை உருவானது.

இரு பாதைகளும் சந்தித்த இடம்

ஸோமா நிறுவனம் தொடங்கப்பட்டது 2013இல். அதன் தலைவராக இருந்தவர் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி முன்னாள் தலைவர் மைக்கேல் ஹோவர்ட் பிரபு. அதே ஆண்டு ஆகஸ்டில், அதாவது ஹஸன் ஷேக் மஹ்மூதின் முதல் ஆட்சிக் காலத்தில், சோமாலிய அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிறுவனம் தன் செலவில் கடலடி நில அதிர்வு ஆய்வு செய்து தகவலை அரசிடம் தரும். பதிலாக 12 பிளாக்குகள் வரை தனக்கென்று கேட்கும் உரிமை பெறும். 2014இல் சுமார் 20,500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆய்வு நடந்தது.

2015இல் ஐ.நா. கண்காணிப்புக் குழு ஒரு கேள்வியை எழுப்பியது. பெட்ரோலிய அமைச்சகத்தின் திறனை வளர்க்க உதவி என்ற பெயரில் அந்நிறுவனம் தந்த பணம், ஒப்பந்தத்தைத் தீர்மானிக்கும் அதிகாரிகளின் சம்பளமாகப் போகிறதே, இது சரியா என்று கேட்டது. பிரிட்டனின் பெருமோசடித் தடுப்பு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2016 டிசம்பரில், வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று விசாரணை முடிக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து கைரே பிரதமரானார். நிறுவனப் பதவியை விட்டு விலகினார். தம் பங்குகளையும் கைவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கைரே பிரதமராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் ஸோமாவுக்கு எண்ணெய் எடுக்கும் உரிமை கொடுக்கப்படவில்லை. பெட்ரோலியச் சட்டம் அதிபரின் கையெழுத்தைப் பெற்றது 2020 பிப்ரவரியில், அவர் பிரதமராக இருந்தபோதுதான்.

உரிமைக்கான கையெழுத்து விழுந்தது 2022 பிப்ரவரியில். அப்போது அந்நிறுவனம் 'கோஸ்ட்லைன் எக்ஸ்ப்ளோரேஷன்' என்று பெயர் மாறியிருந்தது. பெட்ரோலிய அமைச்சர் இஸ்தான்புல்லில் கையெழுத்திட்டார். தேர்தல் காலத்தில் இத்தகைய ஒப்பந்தம் கூடாது என்ற ஆணையைக் காட்டி, அதிபர் ஃபர்மாஜோவும் பிரதமர் ரோப்லேயும் அது செல்லாது என்று அன்றே அறிவித்தனர். மே மாதம் ஹஸன் ஷேக் மஹ்மூத் மீண்டும் அதிபரானார். அக்டோபரில் அதே நிறுவனத்துக்கு ஏழு பிளாக்குகளுக்கான ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. பிப்ரவரியில் செல்லாதது அக்டோபரில் செல்லுபடியானது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது என்ன?

எண்ணெய் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் நான்கு அம்சங்கள் முக்கியம். முதலாவது, கையெழுத்தானதும் நிறுவனம் அரசுக்குத் தரும் முன்பணம். இரண்டாவது ராயல்டி, எடுக்கும் எண்ணெயில் எடுத்த எடுப்பிலேயே அரசுக்குப் போகும் பங்கு. மூன்றாவது செலவு மீட்பு. நிறுவனம் தான் போட்ட முதலை எண்ணெயாகவே திரும்ப எடுத்துக்கொள்வது. நான்காவது, மிஞ்சும் எண்ணெயை இருவரும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம்.

ஓர் உதாரணக் கணக்கு. நூறு பீப்பாயில் ராயல்டி 5, செலவு மீட்புக்கு 80 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 15 பீப்பாய். அதைச் சரிபாதியாகப் பிரித்தால் அரசுக்குக் கிடைப்பது ஏழரை. ராயல்டியோடு சேர்த்துப் பன்னிரண்டரை. "பாதிக்குப் பாதி ஒப்பந்தம்" என்று மேடையில் சொன்னாலும் உண்மை இதுதான். செலவு மீட்புக்கு உச்சவரம்பு என்ன, அந்தச் செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வது யார் என்ற இரண்டு வரிகளில்தான் ஒரு தேசத்தின் பங்கு அடங்கியிருக்கிறது. அந்த வரிகள் மக்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் ஆபத்து.

மாநிலங்களின் பங்கு என்ன என்பதும் நீண்டநாள் சிக்கல். இயற்கை வளப் பகிர்வை மத்திய அரசும் மாநிலங்களும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு சொல்கிறது. 2018 ஜூனில் பைதோவா நகரில் வருவாய்ப் பகிர்வு உடன்பாடு ஏற்பட்டது. பெட்ரோலியச் சட்டமும் அதையொட்டியே எழுதப்பட்டது. ஆனால் புந்த்லாந்து போன்ற மாநிலங்களுக்கும் மொகதிஷுவுக்கும் உறவு முறியும்போதெல்லாம் இந்த உடன்பாடுகளும் ஆட்டம் காண்கின்றன.

கடல் எல்லையிலும் எண்ணெய்தான் பின்னணி. கென்யாவுடனான எல்லைத் தகராறை 2014இல் சோமாலியா சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் கடற்பரப்பில் பெரும்பகுதி சோமாலியாவுக்குச் சேரும் வகையில் 2021 அக்டோபர் 12 அன்று தீர்ப்பு வந்தது. கென்யா அதை ஏற்கவில்லை.

சகோதர நாடு வந்தாலும்

2011 பஞ்சத்தின்போது உலகத் தலைவர்கள் எட்டிப் பார்க்காத மொகதிஷுவுக்கு எர்துகான் குடும்பத்தோடு வந்ததை சோமாலியர்கள் மறக்கவில்லை. அந்த நன்றியுணர்வு நியாயமானது. 2024 ஜூலையில் மூன்று கடல் பிளாக்குகளில் எண்ணெய் தேடத் துருக்கியுடன் ஒப்பந்தமானது. அக்டோபரில் 'ஒருச் ரெயிஸ்' ஆய்வுக் கப்பல் துருக்கிக் கடற்படையின் துணையோடு மொகதிஷு வந்தது.

மேற்கத்திய நிறுவனம் என்றால் சந்தேகப்படுவதும், முஸ்லிம் நாடு என்றால் கேள்வி கேட்காமல் இருப்பதும் நேர்மை ஆகாது. சகோதரனுக்குக் கடன் கொடுத்தாலும் எழுதி வைத்துக்கொள்வதுதான் நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுங்கு. ராயல்டி எவ்வளவு, செலவு மீட்பின் வரம்பு எவ்வளவு என்ற கேள்வி துருக்கி ஒப்பந்தத்துக்கும் பொருந்தும்.

எது குற்றம், எது குற்றமில்லை?

வெளிநாட்டில் வேலை பார்த்தது குற்றமில்லை. போர் துரத்தியதால் போனார்கள், பிழைத்தார்கள், உயிர்ப் பயம் நீங்காத ஊருக்குத் திரும்பியும் வந்தார்கள். எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்ததும்கூடக் குற்றமில்லை. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் அரசுக்குத் தேவை.

ஆனால் பொதுப் பதவி ஓர் அமானிதம். நேற்று ஒரு நிறுவனத்திடம் சம்பளம் வாங்கியவர், இன்று அதே நிறுவனத்தின் கோப்பு வந்து சேரும் அரசாங்கத்தில் அமரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்நிறுவனத்தில் உங்களுக்கோ குடும்பத்துக்கோ மிச்சமுள்ள பங்கு என்ன? அந்நிறுவனம் தொடர்பான முடிவிலிருந்து நீங்கள் ஒதுங்கி நிற்பீர்களா? பதவி முடிந்த பின் எத்தனை ஆண்டுகள் அந்தத் துறைக்குத் திரும்பாமல் இருப்பீர்கள்? இதையெல்லாம் எழுத்தில் கேட்கும் சட்டமும், ஒப்பந்தத்தை முழுமையாக வெளியிடும் வழக்கமும் இருந்தால், தலைவர் பஃபலோவிலிருந்து வந்தாலும் ஆஸ்லோவிலிருந்து வந்தாலும் மக்கள் அஞ்ச வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் சோமாலியாவுக்கு 450 கோடி டாலர் கடன் தள்ளுபடியானது. பெரும்பகுதி அன்று அந்த நாட்டை உடைத்த ஆட்சிகள் வாங்கி வைத்த கடன். அதைச் சுமந்தவர்கள், அது எதற்காக வாங்கப்பட்டது என்றே அறியாத பிள்ளைகள். கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதோ இல்லையோ, இன்று போடப்படும் கையெழுத்தின் பலனும் சுமையும் அப்படித்தான் அடுத்த தலைமுறையின் தலையில் இறங்கும். அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இப்போதே வேண்டும்.