டெட்ராய்டில் தோற்ற பாட்டு, விகனில் விடிந்த இரவு

கேரம் பலகையில் பவுடர் தூவி ஆடியவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று புரிந்துவிடும். இங்கிலாந்தின் வடக்கே, விகன் நகரத்தில் ஒரு பழைய நடனக்கூடம். ஞாயிறு அதிகாலை மூன்று மணி. தொளதொளத்த கால்சட்டை அணிந்த ஓர் இளைஞன் டால்கம் பவுடர் டப்பாவை மரத்தரையில் இரண்டு தட்டு தட்டுகிறான். தோல் அடி வைத்த அவன் காலணி அதில் வழுக்குகிறது. பம்பரம்போலச் சுழல்கிறான், மல்லாந்து சாய்கிறான், தரையில் கை ஊன்றி எழுகிறான், பாட்டின் அடுத்த கைத்தட்டல் விழுவதற்குள் நிமிர்ந்து நிற்கிறான். அங்கே மது விற்கவில்லை. ஜோடியும் தேவையில்லை. ஆட்டம் மட்டும்தான்.

விகன் என்றால் நிலக்கரியும் பருத்தி ஆலையும். ஜார்ஜ் ஆர்வெல் 1937இல் அதன் வறுமையைப் புத்தகமாகவே எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டேஷன் சாலையில் கட்டிய எம்ப்ரஸ் பால்ரூம், வார நாள் முழுக்க உழைத்தவர்கள் ஜோடி சேர்ந்து வால்ட்ஸ் ஆடிய இடம். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அது 'விகன் கசினோ' என்று பெயர் மாறியது. பெயரில்தான் கசினோ.

இனி, அங்கே ஒலித்த பாட்டைத் தேடி அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். 1959இல் டெட்ராய்டில் பெர்ரி கார்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் வெற்றியைப் பார்த்து டெட்ராய்டிலும் சிகாகோவிலும் எத்தனையோ சின்ன நிறுவனங்கள் அதே தாளத்தில் இசைத்தட்டுகளை அச்சடித்தன. பெரும்பாலானவை விற்கவில்லை, மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் தூங்கின. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் ஃபங்க் இசையின் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் வடபகுதி இளைஞர்கள் மட்டும் 1965இன் துள்ளல் தாளத்தை விடவில்லை. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் கிளப்பில் விடிய விடிய அதற்கே ஆடினார்கள்.

இந்த ரசனைக்குப் பெயர் கொடுத்தவர் லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய டேவ் காடின். கால்பந்து பார்க்க லண்டன் வரும் வடக்கத்திப் பையன்கள் புதுப் பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காததைக் கவனித்து, அவர்கள் கேட்பதை 'நார்தர்ன் சோல்' என்றார். பழைய, யாரும் கேட்டிராத தட்டுதான் இங்கே புதுப் பாட்டு! எந்த இசை ரசனையிலும் இத்தனை விந்தையான விதியை நான் கண்டதில்லை.

ட்விஸ்டட் வீல் 1971இல் மூடியது. விகன் கசினோவில் 1973 செப்டம்பர் 23 அதிகாலை இரண்டு மணிக்கு முதல் முழு இரவு ஆட்டம் தொடங்கியது. டிஜே ரஸ் வின்ஸ்டான்லி. பிறகு நாடெங்கிலுமிருந்து ரயிலிலும் வாடகை பஸ்ஸிலும் கூட்டம் வந்தது.

கூட்டம் வந்தால் சரக்கும் வேண்டுமே. டிஜேக்களும் வியாபாரிகளும் அமெரிக்கக் கிடங்குகளுக்குப் போய்த் தூசி தட்டினார்கள். 1973இல் டிஜே ரிச்சர்ட் சேர்லிங் அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் குளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெய்ன்டட் லவ்' ஒன்று. 1965இல் விலைபோகாத ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டு அது. கசினோ காலத்தில் கொண்டாடப்பட்ட அந்தப் பாட்டை 1981இல் சாஃப்ட் செல் குழு தன் பாணியில் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

போட்டி டிஜே கண்டுபிடிக்காதபடி தட்டின் லேபிள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டுவது வழக்கமாயிற்று. கள்ளப்பிரதிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கிராக்கி ஏறிய தட்டைச் சில வாரங்களில் அச்சடித்து விற்றார்கள். இரண்டுக்கும் ஆளானது ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ'. 1965இல் மோட்டவுன் சோதனைக்காக அடித்த சுமார் 250 தட்டுகள், வில்சன் பாடகராக வேண்டாம், தயாரிப்பாளராகவே இருக்கிறேன் என்றதும் அழிக்கப்பட்டன. தப்பியவை மிகச் சில. எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தப் பாட்டு கசினோவில் 'எடி ஃபாஸ்டர்' பாடியதாக ஒலித்தது. கடல் கடந்து ஒரு சுரங்க நகரத்துப் பிள்ளைகள் வில்சனின் குரலுக்கு ஆடியபோது அவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

ஆட்டம் முடியும் காலை எட்டு மணிக்குமுன் எப்போதும் அதே மூன்று பாட்டுகள். 'எட்டுக்கு முன் மூன்று' என்றே அவற்றுக்குப் பெயர். 1981 டிசம்பர் 6, கடைசி இரவு. நகராட்சி தன் அலுவலகத்தை விரிவாக்க இடத்தைக் கேட்டிருந்தது. மூன்று பாட்டுகளும் மூன்று தடவை சுற்றி வந்தன. யாரும் வெளியே போகவில்லை. வின்ஸ்டான்லி பெட்டிக்குள் கைவிட்டு அகப்பட்ட தட்டை எடுத்துப் போட்டார். ஃபிராங்க் வில்சன்.

அடுத்த ஆண்டு கட்டடம் தீப்பற்றியது, 1983இல் இடித்தார்கள். பணமில்லாமல் அலுவலக விரிவாக்கம் நடக்கவே இல்லை. அந்த இடத்தில் இப்போது கிராண்ட் ஆர்கேட் வணிக வளாகம். வில்சனின் அசல் தட்டில் ஒரு பிரதி 2009இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 25,742 பவுண்டு.