தன்னலமும் பொதுநலமும்: ராச்டேல் கடையின் வரலாறு

மனிதன் இயல்பாகவே தன்னலம் உடையவனா, பிறர் நலம் கருதுபவனா என்னும் வினா மிகப் பழையது. ஆதம் ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், மனிதனுக்குப் பிறர்பால் உள்ள பரிவைப் பற்றி 1759ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். அவரே 1776இல் 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலில், வாணிகத்தை இயக்குவது அவரவர் தன்னலமே என்று காட்டினார். பின்னதை எடுத்துக் காட்டுவோர் பலர் முன்னதை மறந்துவிடுகின்றனர். மாணவ நண்பர்களே, அறிஞர் நூல்களை விடுத்து இன்று உங்களை ஒரு மளிகைக் கடைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே உள்ளது ராச்டேல். அங்கே 'பிளானல்' என்னும் கம்பளித் துணி நெய்வோர் மிகுதி. விசைத்தறிகள் பெருகிய காலத்தில் அவர்களுடைய கூலி தேய்ந்தது. உயர்வு கேட்டுப் போராடியும் பயனில்லை. கடைக்காரரிடம் கடன்பட்டவர்கள் அவர் கொடுத்த மாவையே வாங்கியாக வேண்டும். அம்மாவில் சுண்ணத்தூளும் படிகாரமும் கலந்திருப்பது அந்நாளில் அரிதன்று.

அந்நெசவாளருள் சிலர் ராபர்ட் ஓவன் என்பவரின் கொள்கையில் பற்றுடையவர்கள். ஓவன் பெரிய ஆலை முதலாளி. ஆயினும் உடைமையைப் பொதுவாக்கி வாழும் சமுதாயங்களைக் கனவு கண்டவர். 1825இல் அமெரிக்காவில் 'நியூ ஹார்மனி' என்னும் குடியிருப்பை அவர் நிறுவினார். யார் எவ்வளவு உழைப்பது, யார் எவ்வளவு பெறுவது என்னும் பூசல்களால் அது இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கலைந்தது. ஒவ்வொருவரும் நாள்தோறும் பிறர்க்கெனவே வாழ்வர் என்று எதிர்பார்த்ததே அதன் குறை என்பது என் கருத்து.

ராச்டேல் மக்கள் எதிர்பார்த்தது அதனினும் குறைவு. 28 பேர் ஆளுக்கு ஒரு பவுனாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தனர். 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மாலையில் 'டோட் லேன்' என்னும் தெருவில் கடையைத் திறந்தனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அது தேரைச் சந்து. 'பழைய சந்து' என்பதன் வட்டார மரூஉவே அப்பெயர் என்பாரும் உளர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே அன்று கடையில் இருந்தன.

அவர்கள் வகுத்த விதிகளில்தான் நுட்பம் இருக்கிறது. முதலுக்கு வரையறுத்த வட்டி மட்டுமே உண்டு. எஞ்சிய இலாபம், யார் எவ்வளவு பொருள் வாங்கினாரோ அந்த அளவுக்கு அவருக்கே திரும்பும். எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். என் ஆதாயம் பெருக வேண்டுமானால் அண்டை வீட்டாரும் இக்கடைக்கு வர வேண்டும். ஆகவே நானே சென்று அவரை அழைப்பேன். எடையைக் குறைத்தால் என்னையே நான் ஏமாற்றுகிறேன். தன்னலத்தை அவர்கள் ஒழிக்க முயலவில்லை. அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினர். ஆண்டு இலாபத்தில் 2½ சதவீதத்தை நூலகத்துக்கும் கல்விக்கும் ஒதுக்கும் விதியையும் பின்னர்ச் சேர்த்தனர். 1850இல் 600 பேராக இருந்த உறுப்பினர், 1860இல் 3,450 பேர் ஆயினர். நம் சென்னையில் 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்துக்கும் ராச்டேலே முன்மாதிரி. கடன் கொடுப்பதில்லை என்னும் விதி ஒன்றும் ராச்டேலில் இருந்தது. கடையைக் காத்தது அதுவே. ஆனால் கையில் காசே இல்லாத பரம ஏழைக்குக் கதவை அடைத்ததும் அதுவே.

கடையில் வென்றவர்கள் 1854இல் கூட்டுறவு முறையில் ஓர் ஆலையையும் தொடங்கினர். இலாபத்தில் பங்குதாரருக்கு மட்டுமன்றி, அங்கு வேலை செய்யும் தொழிலாளருக்கும் ஒரு பகுதி தரப்பட்டது. ஆலை செழித்தது, ஆதாயம் நாடிப் புதிய பங்குதாரர் பலர் நுழைந்தனர். தொழிலாளருக்குக் கூலிக்கு மேலும் எதற்குப் பங்கு என்று அவர்கள் கேட்டனர். 1862இல் வாக்கெடுப்பில் அப்பங்கு நீக்கப்பட்டது. அவர்களுள் பலர் தாமும் உழைப்பாளிகளே என்பதுதான் நெஞ்சை உறுத்துவது. கடையில் வாங்குபவரும் உடையவரும் ஒருவரே. ஆலையிலோ உழைப்பவர் வேறு, பங்குதாரர் வேறு. வாய்க்கால் அங்கே உடைந்தது.

இதனோடு நிறுத்தினால் மனிதனைப் பற்றி ஒரு கசப்பான முடிவுக்கே வருவோம். ஆனால் அதே 1862இல் அவ்வட்டாரத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் 1861 முதல் உள்நாட்டுப் போர். அடிமை முறையைக் காத்து நின்ற தென் மாநிலங்களின் துறைமுகங்களை வட மாநிலங்களின் கடற்படை முற்றுகையிட்டது. பருத்தி வரவு நின்றது. லங்காஷயர் ஆலைகள் மூடின. இலட்சக்கணக்கானோர் நிவாரணத்தை நம்பி வாழும் நிலை ஏற்பட்டது. முற்றுகையை உடைக்க வேண்டுமென்று கூவுவதே அவர்களுக்கு இலாபம். அவ்வாறு கூவிய ஊர்களும் இருந்தன. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது. எனினும் 1862 டிசம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டரில் கூடிய உழைப்பாளர், தாம் பட்டினி கிடப்பினும் அடிமைகளின் விடுதலையை ஆதரிப்பதாக அமெரிக்கத் தலைவர் லிங்கனுக்கு மடல் விடுத்தனர். ஜான் பிரைட் என்னும் பேச்சாளரைத் தந்த ராச்டேலும் அந்தப் பக்கமே நின்றது. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள, முகமறியாத நீக்ரோ அடிமையிடமிருந்து இவர்களுக்கு வரக்கூடிய ஆதாயப் பங்கு யாதொன்றும் இல்லை.

1863 ஜனவரியில் லிங்கன் நன்றி கூறி விடை எழுதினார். அடுத்த மாதம், அமெரிக்க வட மாநில மக்கள் திரட்டிய உணவுப் பொருள்களுடன் 'ஜார்ஜ் கிரிஸ்வோல்டு' என்னும் கப்பல் லிவர்பூல் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த மாவுப் பீப்பாய்களில் ஒன்று ராச்டேல் நகரின் அருங்காட்சித் தொகுப்பில் போற்றிக் காக்கப்பட்டு வந்துள்ளது.