மெனெஹுனே: ஒரு கருவிக்குப் பெயர் வந்த கதை

கம்பியில்லா இணையக் கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் தமிழார்வலர்களிடையே முதலில் மூள்வது சொற்சண்டைதான். ரௌட்டரைத் திசைவி என்பதா, வழிப்படுத்தி என்பதா? வைஃபைக்கு அருகலை பொருந்துமா? மோடத்தை மோடமாகவே விட்டுவிடலாமா? இச்சண்டையில் இறங்குமுன், இத்தகைய கருவிகளின் மூதாதை ஒன்று பெயர் பெற்ற இடத்தைச் சற்றே பார்த்துவருவோம். அவ்விடம் பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்.

ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெருங்கணினி ஓஆஹு தீவின் மனோவா வளாகத்தில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டியவர்களோ வெவ்வேறிடங்களில் இருந்தனர். அன்றைய தொலைபேசிக் கம்பிகள் தரவு அனுப்ப ஏற்றவையல்ல, செலவும் மிகுதி. ஆகவே நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு வானொலி அலைகளை நாடியது. 1971 ஜூனில் இயங்கத் தொடங்கிய அவ்வலையமைப்புக்கு அலோஹாநெட் என்று பெயர். அலோஹா என்பது ஹவாய் மொழியில் அன்பையும் வணக்கத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். வேகம் நொடிக்கு 9,600 பிட். இன்றைய அகலப்பட்டைக்குப் பழகியவர்கள் சிரிக்கக்கூடும்.

ஆனால் சிரிப்புக்கு அப்பால் ஒரு துணிவான எண்ணம் அதில் இருந்தது. எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில்தான் பேசும். யார் எப்போது பேசுவது என்று எவரும் முறைவைக்கமாட்டார்கள். அனுப்பவேண்டியதை அனுப்பிவிட்டு, 'கிடைத்தது' என்ற மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். வரவில்லையெனில், இருவர் செய்தி மோதியிருக்கலாம் என்று கொண்டு, மனம்போன இடைவெளி விட்டு மீண்டும் அனுப்ப வேண்டும். இப்படிச் செய்தால் அலைவரிசையின் கொள்ளளவில் உச்சமாக ஏறக்குறைய 18 விழுக்காடே பயன்படும் என்று கணக்குச் சொன்னது. வீண் மிகுந்த முறைதான், ஆயினும் எளிது.

அம்மறுமொழியை அனுப்பியது மனோவாவில் பெருங்கணினிக்கு முன் வாயில்காப்போன்போல நின்ற ஒரு சிறு கணினி. இன்று நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் பெட்டியின் வேலையை ஒத்தது அதன் வேலை. அமெரிக்கப் பெருநிலத்தின் ஆர்பாநெட்டில் இதையொத்த கருவியை மூன்று சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'இம்ப்' என்றனர். ஆங்கிலத்தில் அது குட்டிச்சாத்தானையும் குறிக்கும். ஹவாய்ப் பொறியாளர்கள் அச்சிலேடையைப் பிடித்துக்கொண்டு, தம் கருவிக்கு மெனெஹுனே என்று பெயரிட்டனர். ஒரே இரவில் வாய்க்காலும் மீன்குளமும் கட்டிமுடிக்கும் குள்ளர்களாக ஹவாய்க் கதைகளில் வருவோர் அவர்கள்.

இப்பெயர் நம்மை ஈர்ப்பதற்குக் காரணம் சிலேடை மட்டுமன்று. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஹவாய்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கி ஹவாய் மொழியை ஒதுக்கிவிட்டது. அரசமைப்பில் அம்மொழி ஆட்சிமொழித் தகுதி பெற்றது 1978இல்தான். ஆக, வகுப்பறையில் இடமிழந்திருந்த ஒரு மொழியின் சொற்கள் கணினிக் கூடத்துக்குள் நுழைந்தன. அலோஹா இன்றும் உலகெங்கும் வலையமைப்புப் பாடநூல்களில் இருக்கிறது. மெனெஹுனே என்ற பெயரை நினைப்போர் குறைவு.

அலோஹாவின் வழியில் பிறந்த கம்பி வலையமைப்புக்கு 1973இல் ஈத்தர்நெட் என்று பெயரிட்டார் ராபர்ட் மெட்காஃப். ஒளிக்கு ஊடகமென்று கருதப்பட்டு அறிவியல் கைவிட்ட ஈத்தருக்கு அப்படியொரு மறுபிறவி. 1999இல் வந்த வைஃபையோ வணிகப் பெயர் சூட்டும் நிறுவனமொன்று ஆக்கித் தந்தது, எதன் சுருக்கமுமன்று.

இனி நம் சண்டைக்கு வருவோம். ஆண்டெனாவை அலைவாங்கி என்கிறோம். வானொலிப் பெட்டிக்கு அது பொருந்தியது. அங்கே வாங்கல் மட்டுமே, கொடுத்தல் இல்லை. மெனெஹுனேயின் ஆண்டெனாவும் நம் வீட்டுப் பெட்டியின் ஆண்டெனாவும் இரண்டும் செய்பவை. பூச்சியின் உணர்கொம்புக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தானே. அலைக்கொம்பு என்றால் என்ன? கொம்பு வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். மோடம் மோடமாகவே இருக்கட்டும்.